வெண்கலப் பானையும் அம்மிக்கல்லும்

பொங்கலன்று பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்குகிறோமே, வெண்கலப் பானை. அதற்குக் கோட்டை இடிக்கும் உடன்பிறப்பு ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா?

செம்பு ஒன்பது பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு. பழைய வெண்கலப் பீரங்கிக்கு ஏறக்குறைய இதுதான் கணக்கு. அந்நாளைய வார்ப்பிரும்பு சிதறி, சுட்டவனையே கொன்றுவிடும். வெண்கலமோ பெரும்பாலும் வீங்கும், பிளக்கும், சிதறாது. 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் மதிலைத் தகர்த்ததும் வெண்கலம்தான்.

வெண்கலமோ இரும்போ, அந்தப் பாரத்தை இழுப்பது யார்? மாடுகள்தாம்! 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கப் போன கார்ன்வாலிஸ், மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததால், தம் பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

ஜூலையில் ஓசூர் அவர் வசமாயிற்று. திப்புவின் வீரர்கள் அதை விட்டுப் போயிருந்தார்கள். நவம்பரில் கிருஷ்ணகிரிக்கு வந்த கர்னல் மாக்ஸ்வெல், அடிவாரப் பேட்டையைப் பிடித்தார். மலைக்கோட்டைக்கு ஏணிகளோடு ஆட்களை ஏற்றினார். பார்த்தார்கள் மேலே இருந்தவர்கள், பாறைகளை உருட்டிவிட்டார்கள்! ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் விழுந்தார்கள், படை திரும்பியது. மறு வருஷம், 1792 உடன்படிக்கையில்தான் கிருஷ்ணகிரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

ஓசூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும்போது அந்த மலையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். அன்று காவல் நின்றது பாட்டியின் அம்மிக்கு உறவான கல் அல்லவா!