ஓ.சி. யார் வீட்டுச் சொத்து?

ஓ.சி. என்பது ஒரு சாதியின் பெயர் அல்ல. இதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவைப்படுவதே வெட்கக்கேடு. ஆனால் தேவைப்படுகிறது. ஆரணியில் பட்டுத்தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கலந்தாய்வு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவன் நான். "அவங்கல்லாம் ஓ.சி. அண்ணா, நாங்க எஸ்.சி." என்று பிள்ளைகள் வெகு இயல்பாகச் சொல்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஓ.சி. என்றால் ஓப்பன் காம்படிஷன், அதாவது பொதுப் போட்டி. முற்பட்ட வகுப்பாருக்கான ஆங்கிலப் பெயர் ஃபார்வர்டு கம்யூனிட்டி, எஃப்.சி. ஒன்று இடத்தின் பெயர், மற்றொன்று ஆட்களின் பெயர். பேருந்தில் பெண்கள் இருக்கை போக மீதி இருக்கைகளுக்கு 'ஆண்கள் இருக்கை' என்று பெயர் வைத்தால் எப்படியோ, அப்படி.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 இதற்குள்), பழங்குடியினருக்கு 1. மொத்தம் 69. மீதி 31 யார் பெயருக்கும் பட்டா போடப்படவில்லை. அதில் எஸ்.சி. மாணவி வரலாம், எம்.பி.சி. மாணவன் வரலாம், அய்யர் வீட்டுப் பிள்ளையும் வரலாம். மதிப்பெண் மட்டும்தான் நிபந்தனை.

சொல் குழம்பினால் இடம் பறிபோகும். பொதுப் போட்டியில் வரத்தக்க மதிப்பெண் எடுத்த எஸ்.சி. பெண்ணை எஸ்.சி. பட்டியலில் வைத்து எண்ணினால், அந்த 18-இல் வரவேண்டிய இன்னொரு எஸ்.சி. பிள்ளை வெளியே நிற்கும். உத்தரப்பிரதேசக் காவலர் தேர்வில் இதே வித்தைதான் நடந்தது. பொதுப் பிரிவில் கடைசியாகத் தேர்வான பெண்ணைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்த பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் சவுரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. பொதுப் பிரிவு எவருக்குமான ஒதுக்கீடு அல்ல, எல்லோருக்கும் திறந்தது என்றது. 1992 இந்திரா சஹானி தீர்ப்பிலேயே சொன்ன சங்கதிதான். 28 ஆண்டுகள் கழித்தும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது!

சொல்லை மாற்றி ஆளைக் கட்டுவது எங்கள் ஊருக்குப் பழக்கமானது. தறிக்காரருக்கு முதலாளி கொடுக்கும் பணத்துக்கு 'அட்வான்ஸ்' என்று பெயர். கூலிக்கு முன்பணம் என்றால் புடவை நெய்து கொடுக்கக் கொடுக்க அது கழிய வேண்டும். கழியாமல் நின்று, வேறு இடத்துக்குத் தறி ஓட்டப் போகவிடாமல் மறித்தால் அதற்குப் பெயர் வேறு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தன் விளக்கப் பகுதியை இந்த 'அட்வான்ஸ்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கயிறு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று.

இன்னொரு சொல், கம்யூனல். இன்று அதைக் கேட்டால் மதக் கலவரம்தான் நினைவுக்கு வரும். நீதிக்கட்சி ஆட்சி 1921-இல் போட்ட கம்யூனல் ஜி.ஓ.வில் அதன் பொருள் வகுப்புவாரி என்பது. எல்லா வகுப்பாருக்கும் பங்கு என்று சொன்ன ஆணையை 'வகுப்புவாதம்' என்று தூற்றினார்கள். 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அதைச் சாய்த்தார்கள். மருத்துவக் கல்லூரிக்கு அந்த அம்மையார் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது கிளைக்கதை. தமிழ்நாடு தெருவில் இறங்கியது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

'வீக்கர் செக்‌ஷன்ஸ்' மட்டும் தப்புமா? அரசமைப்பின் 46-ஆவது பிரிவு நலிந்த பிரிவினர் என்று சொல்லிவிட்டு, குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்கிறது. 2019-இல் வந்த 10 விழுக்காட்டில் அதே சொல் இருக்கிறது, அவர்கள் இல்லை! எவ்வளவு ஏழையானாலும் அவர்களுக்கு அதில் இடமில்லை. நலிந்தவர் பட்டியலிலிருந்து நலிந்தவரை நீக்கிய இந்தச் சாமர்த்தியத்தை 2022-இல் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்று ஏற்றுக்கொண்டது.

"உங்களுக்குத்தான் கோட்டா இருக்கே, எங்க ஓ.சி.க்கு ஏன் வர்றீங்க?" என்று கேட்கிற நண்பரிடம் இங்கிலீஷ் இலக்கணம் பேசிப் பயனில்லை தோழர்களே. அவருக்கு அர்த்தம் தெரியும். அந்த 'எங்க' என்ற சொல்லுக்குப் பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.

அதோடு ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கல்லூரியிலோ அலுவலகத்திலோ கடைசியாக நடந்த நியமனத்தின் இனச்சுழற்சிப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொது முறையில் வந்த ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் வகுப்பும், எஸ்.சி. முறையில் வந்தவர்களின் மதிப்பெண்ணும் அருகருகே வேண்டும் என்று எழுதுங்கள். மனுவில் மறந்தும் 'ஓ.சி. வகுப்பினர்' என்று எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு வகுப்பு இல்லை என்று ஒரே வரியில் பதில் போட்டு மூடிவிடுவார்கள்; அந்த இடத்தில் மட்டும் அவர்களுக்கு ஆங்கிலம் சரியாக வந்துவிடும்.