கடைசி பேக்கப்தான் சரியான பேக்கப்பா?

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டுகூட கையால்தான் எழுதப்பட்டது. இ-ஹாஸ்பிடல் தரவைக் காப்பாற்றியது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர். அதிலிருந்து எடுத்துத்தான் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

டேட்டாபேஸை பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்கும்போது புதுசா இருக்கிற பேக்கப்பையே எடுப்பது தப்பு. வைரஸோ தவறான பதிவோ எப்போ நுழைஞ்சதுன்னு முதலில் பார்க்கணும். அதற்கு முந்தைய சுத்தமான பேக்கப்தான் சரி. இடைப்பட்ட நாள் கணக்கை பில்லைப் பார்த்துச் சேர்த்துக்கலாம்.

காட்டூர் பட்டறையின் பில்லிங் கணினிக்கும் இதேதான். ஒரே பென் டிரைவில் தினமும் பழசை அழிச்சு எழுதினால், தேர்ந்தெடுக்க எதுவுமே மிஞ்சாது. தேதிவாரியா வையுங்க. மாசம் ஒருமுறை வேறு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்க.