மருந்தைத் தேடி மகன் ஓடலாமா?

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மூச்சுத் திணறுகிறது. டாக்டர் வெளியே வருகிறார். ஒரு சீட்டு எழுதி மகன் கையில் கொடுக்கிறார்.

"இந்த மருந்து எங்களிடம் இல்லை. எப்படியாவது வாங்கி வாருங்கள்" என்கிறார்.

மகன் எங்கே போவான்?

2021-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இதுதான் நடந்தது. கொரோனாவின் இரண்டாவது அலை வீசிய நேரம் அது. அந்த மருந்தின் பெயர் ரெம்டெசிவிர்.

அந்த நாட்களை நாம் மறந்து வருகிறோம். மறந்தால்தான் நிம்மதியாகத் தூங்க முடியும். ஆனால், அந்தச் சீட்டை மட்டும் மறக்கக் கூடாது.

கியூ வரிசை

மருந்து கள்ள மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. பல மடங்கு விலை சொன்னார்கள். குஜராத்தில் குளுகோசையும் உப்பையும் கலந்து, ரெம்டெசிவிர் என்று விற்ற கும்பலைப் போலீசார் பிடித்தார்கள்.

இதைத் தடுக்க, தமிழ்நாடு அரசே மருந்தை விற்க முன்வந்தது. ஏப்ரல் 26-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் விற்பனை தொடங்கியது. ஒரு குப்பி 1,568 ரூபாய். ஒரு நோயாளிக்கு 6 குப்பி. முதல் நாள் இரண்டு, அடுத்த நான்கு நாளும் ஒவ்வொன்று. மொத்தம் 9,408 ரூபாய்.

நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால், என்ன ஆயிற்று?

வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் மக்கள் வந்தார்கள். இரவே வந்து இடம் பிடித்தார்கள். கையில் டாக்டர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் அட்டை. வெயிலில் நின்றார்கள். தோளோடு தோள் இடித்து நின்றார்கள்.

இவர்கள் யார்? கொரோனா நோயாளியின் வீட்டில் இருந்து வந்தவர்கள்! "கூட்டம் சேராதீர்கள்" என்று நாடெல்லாம் சொல்லிவிட்டு, யார் கூட்டம் சேரக் கூடாதோ அவர்களையே ஒரே இடத்தில் கூட்டினோம்.

இன்னொன்றும் உண்டு. ரெம்டெசிவிர் வீட்டில் விழுங்கும் மாத்திரை அல்ல. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. அப்படியானால் அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சரக்கு. மகன் கைக்கு ஏன் வர வேண்டும்?

பாஸ் புத்தகம்

அந்த வரிசையில் நின்றவர்கள், தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களின் உறவினர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த ஏழையின் மகன் அங்கே நிற்க வேண்டியது இல்லை. அவனுடைய அப்பாவுக்கு ஆஸ்பத்திரியே மருந்து கொடுத்தது. பணம் கட்டிப் படுத்தவரின் மகன்தான் தெருவில் நின்றான்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் ஒரு பழைய ஏற்பாடு.

1994-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை அது ஒரே டெண்டரில் வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைவு. வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. தேறினால்தான் வெளியே போகும். பிறகு மாவட்டக் கிடங்குகளில் சேர்த்து வைக்கிறது.

ஒவ்வொரு அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. இந்த வருஷம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும். கிடங்கில் மருந்து எடுத்தால் பற்று எழுதுவார்கள். பாங்கிப் புத்தகம் மாதிரிதான். எந்த ஊரில் எந்த மருந்து சீக்கிரம் தீருகிறது, எங்கே தேங்கிக் கிடக்கிறது என்பது கணக்கில் தெரிந்துவிடும். மருந்து அட்டையில் "விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

இதைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன. நாம் பெருமைப்படலாம்.

ஆனால், தனியார் ஆஸ்பத்திரிகள் இந்தக் கணக்கில் இல்லை. அவை மொத்த வியாபாரியிடம் தனித்தனியே வாங்குகின்றன. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. சாதாரண நாளில் இதனால் கெடுதல் இல்லை. பயம் வந்தால்தான் வினை.

ஒரு அப்பாவுக்காக மகன் ஒரு கடையில் சொல்லி வைக்கிறான். மருமகன் வேறு கடையில் சொல்லி வைக்கிறார். சித்தப்பா மதுரைக்குப் போன் போடுகிறார். நோயாளி ஒருவர்தான். கடைக்காரர்களின் கணக்கில் மூன்று நோயாளிகள்! ஆஸ்பத்திரிகளும் இதையே செய்தன. பத்து தேவை என்றால் முப்பது கேட்டன. இதில் யாரையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பயந்தவன் அப்படித்தான் செய்வான். கணக்கு வைத்திருக்க வேண்டியவர்கள்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

நிறுத்திய ஆலைகள்

மருந்து ஏன் குறைந்தது? இந்தியாவில் 7 கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்க உரிமை இருந்தது. மாதம் 38 லட்சம் குப்பி தயாரிக்கும் சக்தியும் இருந்தது. ஆனால், 2021 தொடக்கத்தில் நோய் தணிந்தது. வாங்க ஆள் இல்லை. கம்பெனிகள் தயாரிப்பைக் குறைத்தன. ஏப்ரலில் நோய் தீயாய்ப் பரவியது. ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். விலையைக் குறைத்தார்கள். ஆனால் புதுக் குப்பி ஆலையை விட்டு வர சில வாரங்கள் ஆகும். நோயாளிக்கு அவ்வளவு அவகாசம் ஏது?

"நோய் தணிந்தாலும் நிறுத்தாதீர்கள். குறிப்பிட்ட அளவு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று அரசாங்கம் முன்பே சொல்லியிருக்கலாம். மருந்து காலாவதியாகிப் போனால் நஷ்டம்தானே என்பார்கள். ஆம், நஷ்டம்தான். தீயணைப்பு வண்டியும் பல நாள் சும்மாதான் நிற்கிறது.

பிராண வாயுவிலும் இதே கதை. வாயு கிழக்கே உருக்காலைகளில் இருந்தது. டெல்லியில் நோயாளிகள் மூச்சுக்குத் தவித்தார்கள். கொண்டுபோக டாங்கர் லாரி போதவில்லை. காலி டாங்கர்களை விமானத்தில் ஏற்றி ஆலைக்கு அனுப்பினார்கள். நிரப்பியவற்றை ரெயிலில் கொண்டு வந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்த ரெம்டெசிவிர் ஆஸ்பத்திரியில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு வேண்டாம் என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. உயிரைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்றது. (2022-ல் தன் யோசனையை ஓரளவு மாற்றிக்கொண்டது. அது வேறு விஷயம்.) வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னார்கள்? சீட்டு எழுதிய கைகள் சற்று யோசித்திருந்தால், பாதிக் கூட்டம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மே 15-ந் தேதி விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். அங்கும் கூட்டம். மறுநாள் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு உத்தரவு போட்டார். "இனி மக்கள் வர வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரிகளே தங்கள் நோயாளிகளின் விவரத்தை இணையதளத்தில் பதிய வேண்டும். மருந்து நேராக ஆஸ்பத்திரிக்கே தரப்படும்" என்பது அதன் சாரம். மே 18-ந் தேதி அது அமலுக்கு வந்தது. வரிசை மறைந்தது.

இதற்குப் புதிய மருந்தோ, புதிய ஆலையோ தேவைப்படவில்லை. ஒரு பதிவேடு போதுமாக இருந்தது. அதை ஏப்ரல் 26-ந் தேதியே திறந்திருக்கலாம். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் நெருக்கடிக் காலத்துக்கு என்று ஒரு பாஸ் புத்தகத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டால், அடுத்த நோய் வரும்போது முதல் நாளே அதைத் திறக்கலாம். அப்போது டாக்டர் எழுதும் சீட்டு கிடங்குக்குப் போகும். மகன் அப்பாவின் பக்கத்தில் இருப்பான்.