மெட்டு ஏறும்... கட்டுப்படியாகுமா?

போடி டீக்கடை பெஞ்சில் பேட்டரி கார் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அது மெட்டு ஏறுமா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில். போடிமெட்டு இருப்பதோ ஏறக்குறைய 1,400 மீட்டரில். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். 2001ல் பெங்களூரிலிருந்து ரேவா கார் வந்தபோது இந்தக் கேள்விக்குச் சந்தேகமான பதில்தான் கிடைத்திருக்கும். ஈய பேட்டரி, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சமவெளியிலேயே 80 கிலோமீட்டர் அளவுக்குத்தான் ஓட்டம்.

இன்றைக்கு அந்தக் கேள்விக்குச் சுலபமாகக் கணக்குப் போடலாம். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடை உள்ள காரை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல்தான் இது: எடை, புவியீர்ப்பு, உயரம், மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும். மோட்டாரில் வீணாவது, 25 கிலோமீட்டர் சொச்சம் சாலையில் உருள்வதற்கு ஆவது எல்லாம் சேர்த்தால் மேலே போய்ச் சேர எட்டிலிருந்து ஒன்பது யூனிட். சின்ன மின்சாரக் காரில்கூட 19 முதல் 24 யூனிட் வரை கொள்ளும் பேட்டரி இருக்கிறது. ஆக, மெட்டு ஏறும். கேள்வி முடிந்தது.

இறங்கும்போதுதான் சுவாரசியம். "ஏறின கியரிலேயே இறங்கு" என்பது மலை டிரைவர்களின் பால பாடம். பெட்ரோல் காரில் அந்த இறக்கம் முழுவதும் இன்ஜினிலும் பிரேக்கிலும் வெறும் சூடாகப் போய்விடும். மின்சாரக் காரில் மோட்டாரே பிரேக் போல வண்டியை இழுத்துப் பிடித்து, ஏறச் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தந்துவிடும். போய்வர மொத்தம் 10 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. மேலேயே வீடு இருப்பவர்கள் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த குடத்தில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது?

சரி, பெஞ்சில் அடுத்து வர வேண்டிய கேள்வி இதுதான்: கட்டுப்படியாகுமா?

பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கார் மேடு பள்ளம் சேர்த்து 16 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு ஆறே கால் ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடும் என்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும் கார் அந்த 100க்குள் அடங்காது. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டில் அடுத்து ஏறும் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று எடுத்தால், கிலோமீட்டருக்கு ஒன்று நாற்பது. மிச்சம் ஏறக்குறைய ஐந்து ரூபாய்!

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மிச்சத்துக்கு ஒரு முன்பணம் உண்டு. அடிமட்ட பெட்ரோல் காருக்கும் அடிமட்ட மின்சாரக் காருக்கும் விலையில் சுமார் 3 லட்சம் வித்தியாசம். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். இருந்தும், 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் வரி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியதால் அந்தச் சலுகையின் பலம் குறைந்துவிட்டது. 3 லட்சத்தை ஐந்தால் வகுத்தால் 60,000 கிலோமீட்டர். அவ்வளவு ஓட்டினால்தான் போட்ட பணம் திரும்பும். கடன் வட்டி தனி.

இப்போது ஆட்களை நிறுத்திப் பார்க்கலாம்.

போடியில் சொந்தக் கார் வைத்திருக்கும் ஆசிரியர், கடைக்காரர் போன்றவர்கள் வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். தேனிக்கு ஒரு நடை, மதுரைக்கு ஒரு கல்யாணம், பழனிக்கு ஒரு வேண்டுதல். அவர்களுக்குப் பணம் திரும்ப 10 வருடம் ஆகும். பேட்டரிக்குப் பொதுவாகக் கொடுக்கும் உத்தரவாதமோ 8 வருடம். வீட்டில் கார் நிறுத்த இடமில்லாமல் வெளியே யூனிட் 20 ரூபாய்க்கு ஏற்ற வேண்டியிருந்தால், 60,000 என்பது 90,000ஐத் தாண்டிவிடும். இவர்கள் பெட்ரோல் காரையே வைத்துக்கொள்வதை யாரும் பழமைவாதம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிறு ஏலத் தோட்டக்காரர் கதை வேறு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. மூன்றே வருடத்தில் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. வருமானம் இப்படி ஊஞ்சல் ஆடும்போது, கூடுதலாக 3 லட்சத்துக்கு மாதத் தவணை கட்டச் சொல்வது எளிதான யோசனை அல்ல.

அப்படியானால் யாருக்குத்தான் லாபம்? விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுகிறாரே, அந்த ஜீப் டிரைவருக்கு! தினமும் 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 30,000. இரண்டே வருடத்தில் 60,000 வந்துவிடும். அவர் வண்டி பகல் முழுக்கத் தோட்டத்தில் சும்மாதான் நிற்கிறது. சாதாரண 15 ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தால் ஏழு மணி நேரத்தில் 20 யூனிட்டுக்கு மேல் ஏறும். தனியாக சார்ஜிங் நிலையம்கூடத் தேவையில்லை.

கொடுமை என்னவென்றால், அவருக்கான வண்டிதான் கடையில் இல்லை. பத்துப் பேரை ஏற்றி, கல்லும் சேறுமான தோட்டப் பாதையில் போகக்கூடிய, பழைய டீசல் ஜீப் வாங்குகிறவர் வாங்கக்கூடிய விலையில் ஒரு மின்சார ஜீப் கிடையாது. 2024 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் இருசக்கர வண்டி, மூன்று சக்கர வண்டி, பஸ், லாரி, ஆம்புலன்சுக்கெல்லாம் உதவி அறிவிக்கப்பட்டது. கார், ஜீப்புக்கு இல்லை. நார்வேயில் 2024ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கேயும் மக்கள் திடீரென்று சுற்றுச்சூழல் ஞானிகள் ஆகிவிடவில்லை. பல வருடங்கள் பெட்ரோல் காருக்கு வரியைக் கூட்டி, மின்சாரக் காருக்கு வரியைத் தள்ளி, அரசே கணக்கை மாற்றி எழுதியது.

மின்சாரக் கார் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது ஓட்டுகிறவரின் மீட்டர்தான். இன்றைய நிலையில் குறைவாக ஓட்டுகிறவர்களால் அதை வாங்க முடிகிறது. அதிகம் ஓட்டுகிறவர்களால் முடியவில்லை. சலுகை தர நினைக்கும் அரசு, போர்டிகோவில் நிற்கும் இரண்டாவது காரை விட்டுவிட்டு, விடியற்காலையில் முந்தல் வழியாக மலையேறும் ஜீப்பைப் பார்க்கட்டும். அந்த வண்டியில் மிச்சமாகும் டீசல் காசில் கொஞ்சமாவது, கூலியில் வண்டிக் காசு போக மீதியை எண்ணும் பெண்களுக்கும் போய்ச் சேரலாம் அல்லவா?