கலாசாலையும் தொழிற்சாலையும் கழனியும்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு கிராமத்துச் சாவடியில் விதை நேர்த்தி செய்து காட்டிக்கொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த மிராசுதார் ஒருவர் பத்திரிகைத் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். நம் நாட்டு யந்திரக் கலாசாலை ஒன்றும், அயல்நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றும், பெரிய கம்பெனி ஒன்றும் கூடி விவசாயக் கருவிகளை ஆராய்வதற்கு உடன்படிக்கை செய்துகொண்டதாக அதில் கண்டிருந்தது. "மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கருவியை ஓட்டப்போகிற நாலாவது ஆளுடைய கையெழுத்து எங்கே, ஐயா?" என்று அவர் கேட்டார். கூடியிருந்தோர் நகைத்தனர், நானும் நகைத்தேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை.

இத்தகைய கூட்டுறவு வேண்டா என்பது என் கருத்தன்று. அயல்நாட்டாருடைய கல்வியும் கம்பெனியாருடைய முதலும் நமக்குத் தேவையில்லை என்று பேசும் நண்பர்கள் உளர். அவர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் அடுக்கியிருக்கும் உர மூட்டை எவ்வாறு பிறந்தது என்பதை அறியார். அயல்நாட்டிலிருந்து எது வந்தாலும் நன்மையே என்று எண்ணும் வேறு சிலரோ, நம் பாட்டனார் காலத்து அவுரிப் பயிருக்கு நேர்ந்த கதியை மறந்தனர். இவ்விரண்டும் ஒரே தொழிற்சாலையின் சரித்திரமாகையால் அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

தென்னாற்காடு, கடப்பை முதலிய பழைய ஜில்லாக்களில் அவுரி ஒரு காலத்தில் கைமுதல் தரும் பயிராக விளங்கிற்று. தொட்டியில் ஊறவைத்து நீலம் எடுத்தபின் எஞ்சிய சக்கையை நெல்வயலுக்கு எருவாக இடுவர். சாயமும் எருவும் ஒரே செடியில் கிடைத்தன. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்துப் பாடிஷ் அனிலின் சோடா கம்பெனியார், இக்காலத்தில் பி.ஏ.எஸ்.எஃப். என்று வழங்கப்படுவோர், செடியின்றியே நீலம் செய்யும் முறைக்குரிய உரிமையை 1880-இல் அடால்ஃப் பேயர் என்னும் பேராசிரியரிடமிருந்து பெற்றனர். அவர் கண்ட வழி ஆய்வுக்கூடத்தில் நடந்ததேயன்றி ஆலையில் கட்டுப்படியாகவில்லை. 1890-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூரிச் நகரக் கலாசாலையில் ஆசிரியராயிருந்த கார்ல் ஹாய்மன் என்பவர் வேறொரு வழி கண்டார். அதனை ஆலைக்கு ஏற்பத் திருத்தி 1897-இல் சாயத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இம்முயற்சிக்குக் கம்பெனியார் பதினேழு வருஷங்களையும் 1 கோடியே 80 லட்சம் மார்க்கையும் செலவிட்டனர். 1914-இல் யுத்தம் மூண்டபோது நம் நாட்டு அவுரிச் சாகுபடி பெரும்பாலும் அழிந்திருந்தது. யுத்தகாலத்தில் ஜெர்மன் சாயம் வாராமையால் சிறிது தலையெடுத்து மறுபடியும் வீழ்ந்தது. லுட்விக்ஸ்ஹாஃபனிலும் ஜூரிச்சிலும் கையெழுத்தான பத்திரம் எதிலும் நம் அவுரிக் குடியானவன் ஒரு கட்சியாக இருக்கவில்லை. அப்படியொருவன் உளன் என்பதை அங்கே நினைத்தவரும் இருந்திரார்.

இனி, அதே கம்பெனியார் செய்த மற்றொரு காரியத்தைக் கேளுங்கள். பயிருக்குத் தழைச்சத்து தரும் நைட்ரஜன் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. ஆயினும் பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களும் அவை போன்ற சிலவும் ஒழிய, வேறெதுவும் அதனை நேரே எடுத்துக்கொள்ள வல்லதன்று. ஐரோப்பியர் தென் அமெரிக்கச் சிலி தேசத்திலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக வரவழைத்து வயலுக்கு இட்டு வந்தனர். கார்ல்ஸ்ரூ நகரத்துத் தொழில் கலாசாலையில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் ரசாயனப் பேராசிரியர், காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கடும் அமுக்கத்திலும் உஷ்ணத்திலும் சேர்த்து அம்மோனியா ஆக்கலாம் எனக் கண்டார். 1908-இல் மேற்படி கம்பெனியார் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டு பொருளுதவி அளித்தனர்.

கடும் அமுக்கம் என்று எழுதுவது எளிது. அதைத் தாங்கும் கருவி எளிதன்று. அக்கருவியின் அடைப்பான்களையும் இணைப்புகளையும் தம் கையாலேயே வகுத்து அமைத்தவர் ராபர்ட் லெ ரோசிஞோல் என்னும் ஆங்கிலப் பிரஜை. அவர் ஜெர்ஸி தீவில் பிறந்து, லண்டனில் கற்று, ஹேபரிடம் வேலை பயில வந்தவர். 1909-ஆம் வருஷம் ஜூலை 2-ஆம் தேதி கம்பெனியின் சார்பில் கார்ல் பாஷ், அல்வின் மிட்டாஷ் முதலியோர் பரீட்சை பார்க்க வந்தனர். அன்று கருவியின் முடுக்காணி ஒன்று பழுதாகிவிட, பாஷ் காத்திராமல் புறப்பட்டுப் போய்விட்டார். மிட்டாஷ் தங்கினார். பழுது நீங்கியபின் அம்மோனியா சொட்டுச் சொட்டாக இறங்கியதை அவர் கண்டு, இது நடக்கக்கூடியதே என்று கம்பெனிக்குத் தெரிவித்தார். நம் செய்முறைக் காட்சிகளிலும் முதல் அரைமணி நேரத்தில் என்ஜின் கிளம்பாவிட்டால் எழுந்து போகிறவர்கள் பலர். அவர்களில் பாஷ் போன்ற பெரியோரும் உண்டு என்று நான் மனத்தைத் தேற்றிக்கொள்வது வழக்கம்.

கலாசாலையின் வேலை அங்கே முடிந்தது. தொழிற்சாலையின் வேலை அங்கேதான் தொடங்கிற்று. ஹேபர் உபயோகித்த ஆஸ்மியம் என்னும் உலோகம் உலகில் மிகச் சொற்பமாகக் கிடைப்பது. அதற்கு மாற்றாக மலிவான பொருளைத் தேடி மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, ஸ்வீடன் தேசத்து இரும்புத் தாதுவில் வழி கண்டார். பாஷுக்கு நேர்ந்த சங்கடம் அதனினும் பெரிது. அவர் அமைத்த எஃகுக் குழாய்கள் ஏறக்குறைய எண்பது மணி நேரம் ஓடியபின் வெடித்தன. உடைந்த துண்டுகளை எடுத்து ஆராய்ந்ததில், ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதிலுள்ள கரியை அரித்து, எஃகை நொறுங்கும்படி செய்திருந்தது புலப்பட்டது. ஹைட்ரஜனை அறவே தடுக்கும் உலோகத்தைத் தேடி அவர் காலத்தைப் போக்கவில்லை. கரியில்லாத மெல்லிய இரும்பினால் உள்ளுறை ஒன்று செய்து, வெளியே பலமான எஃகுக் குழாயைப் பொருத்தி, அவ்வெளிக் குழாயில் சிறு துளைகள் இட்டார். உள்ளுறையைக் கடந்து கசிந்த வாயு, எஃகைத் தொட்டு நில்லாமல், துளை வழியாக வெளியேறிற்று. கல் கட்டடக் கிணற்றில் ஊற்று நீர் வரக் கண் விட்டுக் கட்டும் நம் கொத்தனார் இதனை உடனே அறிந்துகொள்வார். கண் விடாத சுவரை மண்ணுக்குள் தேங்கிய நீர் தள்ளிவிடும். பாஷ் ரசாயனம் கற்றவரேயாயினும் உலோகத் தொழிலும் யந்திரத் தொழிலும் பயின்றவர். இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியிராவிடில் அக்குழாய் இன்னும் எத்தனை முறை வெடித்திருக்குமோ!

1913-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒப்பாவ் என்னும் இடத்தில் ஆலை ஓடத் தொடங்கிற்று. மறுவருஷமே கம்பெனியார் அண்மையிலுள்ள லிம்பர்கர்ஹோஃப் என்னும் இடத்தில் விவசாயப் பரீட்சைப் பண்ணை ஒன்றை ஏற்படுத்தி, தம் உரங்களைப் பயிரில் இட்டுப் பார்க்கலாயினர். சரித்திர நூல்களில் ஒரு வரியோடு போய்விடும் இச்செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாயுவையும் குழாயையும் நன்கறிந்தவர்கள், மண்ணைத் தாம் அறியோம் என்பதை ஒப்புக்கொண்ட இடம் அது.

இக்கூட்டுறவு குற்றமற்றதென்று நான் சொல்லவில்லை. 1914-இல் யுத்தம் வந்ததும் அதே அம்மோனியாவிலிருந்து வெடிமருந்து செய்தனர். ஹேபர் 1915-இல் விஷவாயுப் போரை முன்னின்று நடத்தினார். அவருக்குக் கருவி செய்து கொடுத்த லெ ரோசிஞோலோ, ஆங்கிலேயர் என்ற காரணத்தால் ஜெர்மனியில் காவலில் வைக்கப்பட்டார். 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி ஒப்பாவ் கிடங்கில் கட்டி தட்டிப்போன உரக் குவியலை வழக்கம்போல் வேட்டு வைத்து உதிர்க்க முற்பட்டபோது, குவியலே வெடித்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அபாயமின்றிப் பன்முறை செய்து பழகிய காரியம் அது என்பர். எனினும் 1922-இல் அதே ஒப்பாவில் அம்மோனியாவிலிருந்து யூரியா செய்யும் ஆலை தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேருடைய உணவு இம்முறையால் கிடைக்கும் நைட்ரஜனைச் சார்ந்தது என்று கணக்கிடுவோர் உளர். நம் பக்கத்திலும் 1947-இல் ஆலுவாயில் விறகை எரித்து வாயு எடுத்து அம்மோனியா செய்தனர். பின்னர் இந்திய சர்க்காரும் அமெரிக்க அமோகோ கம்பெனியாரும் கூடி நிறுவிய மணலித் தொழிற்சாலை 1971-இல் வேலை தொடங்கிற்று.

அவுரிக்குப் பகையாக வந்ததும் நெல்லுக்கு உரமாக வந்ததும் ஒரே விதமான கூட்டுறவே. பேராசிரியரின் திறமை, கம்பெனியாரின் பணம், அயல்நாட்டார் உதவி ஆகியவை இரண்டிலும் ஒருபடியாக இருந்தன. உரத்தின் விஷயத்தில் விவசாயி வாங்குபவனாக இருந்தான். ஆதலால் அவனுடைய வயலைத் தேடி வந்தனர். அவுரியின் விஷயத்தில் அவன் போட்டிக்காரன், ஆதலால் தேடவில்லை. வயலுக்கு இடந்தருவது கம்பெனியாரின் தருமசிந்தையைப் பொறுத்ததன்று. நாம் கேட்டு எழுதி வாங்க வேண்டுவதாகும்.

கேளாமல் இருந்தமையால் என் சரகத்தில் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன், அயல்நாட்டுக் கலாசாலையார் வகுத்து ஒரு கம்பெனியார் செய்த நடவு யந்திரம் ஒன்று காட்சிக்கு வந்தது. மாலை, புகைப்படம், சொற்பொழிவு யாவும் குறைவின்றி நடந்தன. கடைமடைக் களிமண் சேற்றில் இறங்கிய யந்திரம் பத்தடி சென்று அச்சுவரை புதைந்தது; ஏர்மாடு கட்டி இழுத்தோம். நாற்றைப் பற்றும் விரல் ஒன்று ஒடிந்துபோயிற்று. மாற்று விரல் கேட்டு எழுதியதற்குக் கம்பெனியார் கலாசாலையைக் காட்டினர். கலாசாலையார் கம்பெனியைக் காட்டினர். நிலத்துக்காரர் பாய் நாற்றங்காலுக்குச் செலவிட்டதும் போய், முற்றிய நாற்றை ஆளை வைத்து நட்டார். அவரிடம் நிலம் கேட்டவன் நான். அடுத்த இரண்டு போகம் அவர் வீட்டு வழியே செல்ல எனக்குக் கூச்சமாயிருந்தது. யந்திரத்தை வகுத்தவர் அறிவிலி அல்லர். தம் நாட்டு மண்ணுக்கு அவர் சரியாகவே வகுத்திருக்கலாம். பாஷின் குழாய் வெடித்தபோது துண்டுகளைச் சேகரிக்க ஆள் இருந்தது. எங்கள் விரல் ஒடிந்தபோது அதை வாங்கிப் பார்ப்பதற்கு எவரும் இல்லை.

ஆகவே இனி நம் கிராமங்களுக்குப் புதுக்கருவியோ புது உரமோ சோதனைக்கு வருமாயின், நிலம் விடுமுன் ஒரு காகிதம் கேளுங்கள். எந்த மண்ணில், எத்தனை போகம், பழுதானால் யார் எத்தனை நாளைக்குள் பார்ப்பது, விளைவு குறைந்தால் யார் ஈடு தருவது என்று அதில் இருக்கட்டும். பக்கத்திலேயே பழைய முறையில் ஒரு துண்டு நிலத்தைச் சாகுபடி செய்து இரண்டையும் தனித்தனியே அறுத்து அளக்க வேண்டும். இதற்கு இசையாதவரை நம்ப வேண்டா. கிராம உத்தியோகஸ்தர்கள் அறுவடையன்று களத்துக்கு நேரில் வந்து, இரு துண்டுகளின் மகசூலையும் எழுதிக் கையொப்பமிட்டால் பேருதவியாகும். நல்ல விளைவை மட்டும் எழுதி, தோற்றதை விட்டுவிடும் வழக்கம் எங்கள் இலாகாவிலும் இல்லாமலில்லை. தோற்ற கணக்கே வகுத்தவருக்கு அதிகம் பயன்படும்.

பத்திரிகைத் துண்டு காட்டிய மிராசுதாரிடம் இவற்றையெல்லாம் சென்ற வாரம் கூறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கலாசாலையார் வருவதானால் வாய்க்காலை ஒட்டிய தம் நன்செயில் இருபது சென்ட் விடச் சம்மதம் என்றார். ஆனால் குத்தகைச் சீட்டைப் போல் ஷரத்துகளோடு எழுதித் தரவேண்டும், மாற்றுச் சாமான் ஒரு ஜோடி முதலிலேயே தம் வீட்டில் வைக்கப்படவேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சீட்டின் நகலைத் தயாரித்துக் கலாசாலைக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.