இரண்டு மரை வித்தியாசம்

தாத்தா ஓட்டிய ராலே சைக்கிள் வீட்டுத் திண்ணை ஓரம் கிடக்கும். பேரனுக்கு ஒருநாள் அதன் மேல் ஆசை வரும். துடைத்து, எண்ணெய் விட்டு, டயர் மாற்றிப் பார்த்தால்... முன் போர்க்கு வளைந்திருக்கும்! "இதுக்கென்ன, வேற போர்க்கு மாட்டிட்டா போச்சு" என்பார்கள். அங்கேதான் சிக்கலே ஆரம்பம்.

போர்க்கின் மேல்தண்டில் மரை இருக்கிறதல்லவா? ஒரு அங்குலத் தண்டுகளில் பரவலான அளவு, அங்குலத்துக்கு 24 மரை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் ராலே ஆலையோ நெடுங்காலம் தனக்கென்று 26 மரை போட்டது. 24-இல் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் சுமார் 1.06 மி.மீ. இடைவெளி, 26-இல் 0.98. கண்ணுக்குத் தெரியாது. நட்டைத் திருகினால் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். அப்போது ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் மரை போச்சு. ராலே சைக்கிள்கள் இந்தியாவில் அசன்சோலிலும் தயாராயின. ஆகவே பெயரைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது; மரையை அளந்தே பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்டின் நீளம். நீளமாக இருந்து, மரையும் போதிய தூரம் கீழே ஓடியிருந்தால் அறுத்துக்கொள்ளலாம். குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் உள்ள வண்டிக்கு 26 அங்குலச் சக்கரத்தின் போர்க்கு உதவாது. இன்றைய முன் ஹப்புக்கான 100 மி.மீ. அகலம் பழைய ஹப்புக்கு அதிகம். கால்கள் முன்பக்கம் வளைந்திருக்கும் அளவு மாறினால் ஹேண்டில் பாரின் குணமே மாறிவிடும்.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரிஜினல்தான் வேண்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது ஒன்று. எதையாவது மாட்டு, அல்லது சூடு காட்டி நிமிர்த்து என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. மட்கார்டு உடைந்தால் சத்தம்தான் வரும். போர்க்கு உடைந்தால் பல் போகும்! மடங்கிய குழாயையும், விரிசல் விட்டதையும், பித்தளைப் பற்று வைத்த இடத்தில் நெருப்புக் காட்டியதையும் நம்பி ஒரு பையனை ரோட்டுக்கு அனுப்பக்கூடாது.

அதே காலத்து ராலே போர்க்கு நல்ல நிலையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் மற்ற அளவெல்லாம் ஒத்துவரும் 24 மரை போர்க்கு ஒன்றைத் தேடி, மரையுள்ள மேல் கப்பையும் நட்டையும் அதற்கேற்ற 24-லேயே வாங்குவது புத்திசாலித்தனம். கிரௌனுக்கு மேல் உட்காரும் வளையமும் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய போர்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு துணியில் சுற்றிப் பரணில் போட்டு வைத்தால் அடுத்த போர்க்கு தேடும்போது அதுவே அளவுகோல்.

கணக்குப் போட்டால் நஷ்டம்தான், சந்தேகமே இல்லை. காயலான் கடைத் தராசுக்கு அந்த சைக்கிள் சில கிலோ இரும்பு. ஆனால் தாத்தா மிதித்த பெடலைப் பேரனும் மிதிப்பதை எந்தத் தராசில் நிறுப்பது? பெயின்ட்டும் ஸ்டிக்கரும் ஒரிஜினலாக இல்லாவிட்டால் குடிமுழுகிவிடாது. வண்டி ஓட வேண்டும். ஓட்டுபவன் முழுசாக வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான்!