நம் ஊர்ப் போர்க்களங்களுக்கு நாம் வழி சொல்லவில்லை

பாகூரில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் ஒருவர், 1752இல் சண்டை நடந்த இடம் எது என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஏரிக்கு வழி காட்டுவோம். மூலநாதர் கோயில்வரை கூடவே போய் விட்டுவிட்டு வருவோம். போர்க்களம் என்றால் விழிப்போம். சுற்றுலாத் துறை பலகை வைக்கவில்லை என்று குறை சொல்வது எளிது. வைக்கச் சொல்லி நாம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேட்கத் தோன்றாததற்குக் காரணம், நமக்கே விவரம் தெரியாததுதான். தெற்கே கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டை, வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக் கோட்டை. இரண்டுக்கும் நடுவில் நெல் விளையும் பாகூர். எந்தப் படை எழுந்தாலும் நம் வரப்பை மிதிக்காமல் போக முடியாது. 1752 ஆவணியில் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் பின்வாங்குவதுபோலப் போக்குக் காட்டிப் பாகூருக்கு வந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் உறவினரான கெர்ழான், பிரெஞ்சுப் படையோடு பின்னாலேயே வந்து அருகில் முகாமிட்டார். விடிவதற்குள் லாரன்ஸ் பாய்ந்தார். துப்பாக்கிமுனை ஈட்டியால் நேருக்கு நேர் குத்திக்கொண்ட சண்டை அது. கெர்ழான் பிடிபட்டார். துய்ப்ளேக்ஸின் பேரரசுக் கனவுக்கு விழுந்த பெரிய அடிகளில் ஒன்று நம் மண்ணில் விழுந்தது.

பாகூருக்கு முன்பே, 1748இல் அரியாங்குப்பத்தில் இதே லாரன்ஸ் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். ஆங்கில அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபோது, அங்கிருந்த சிறு கோட்டையே அவர் படையை முதலில் தடுத்து நிறுத்தியது. உள்ளே வெடிமருந்து வெடித்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டார்கள். 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். மேற்கிலிருந்து வரும் தானியமும் உதவியும் நின்றால் நகரம் பட்டினியில் பணியும் என்பது அவர் கணக்கு. அப்படியே நடந்தது: 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தார்.

பாகூரில் தொடங்கி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாக அரியாங்குப்பம் வந்து, அங்கிருந்து வில்லியனூர் போனால், இருசக்கர வண்டியில் ஒரே நாளில் இந்தக் கதையைப் பார்த்துவிடலாம். அதற்கு ஒரு கைவரைபடம்கூட நாம் போட்டதில்லை. வருகிறவர்கள் கடற்கரைச் சாலையில் 1938இல் எழுந்த பிரெஞ்சுப் போர் நினைவகத்தையும், துய்ப்ளேக்ஸ் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்டான், நமக்கென்ன என்று பேசியே காலம் தள்ளினோம். அது நாம் செய்த பெரிய தவறு. பாகூர்ச் சண்டையில் இரு பக்கமும் ஐரோப்பியர் ஏறக்குறைய நானூறு நானூறு பேர்தான். சிப்பாய்கள் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. அவர்கள் இந்த நாட்டுப் பிள்ளைகள். நகரத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிக்கு வீதி உண்டு, தோற்ற லாலிக்கும் வீதி உண்டு. சிப்பாய் எவர் பெயரும் நம் தெருமுனையில் இல்லை. மிதிபட்டது யார் பயிர், அவிழ்த்துக்கொண்டு போனது யார் மாடு என்றும் நாம் தேடவில்லை.

தேட வழியில்லை என்று சொல்லவும் முடியாது. துய்ப்ளேக்ஸின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, அந்தப் போர்க்காலத்தைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். ஊரைவிட்டு ஓடியவர்களையும், 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் பதிவு செய்தவர். அவர் பெயரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்தப் பக்கங்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தோமா?

அண்மைக் காலத்தையும் கைநழுவ விட்டோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள் நம்மிடையே வாழ்ந்தார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் துப்பாக்கி தூக்கியவர்கள். பிரான்சிலிருந்து எவ்வளவு பென்ஷன் வருகிறது என்று விசாரித்தோம். அங்கே என்ன கண்டீர்கள், யாரைச் சுட்டீர்கள், எதை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு தகரப் பெட்டியைத் திறந்தால் சேவைப் புத்தகம், சாயம்போன நாடாவோடு பதக்கம், பின்புறம் எதுவும் எழுதாத புகைப்படம். அதில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆளில்லை.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், 1942இல் ஜப்பானியரோடு சண்டை நடந்த இடங்களில் திறந்த புத்தக வடிவிலான நினைவுப் பலகைகளைக் காணலாம். அங்கே யார் வேண்டுமானாலும் தானே நடந்து போர் வரலாற்றைப் படித்துக்கொள்ளலாம். தோற்ற போர் என்று அந்த ஊர் மறைக்கவில்லை. நமக்கும் வெற்றிப் பெருமை தேவையில்லை. இங்கே மனிதர்கள் செத்தார்கள் என்ற பொறுப்புணர்வு போதும்.

இனியாவது வேலையைப் பிரித்துக்கொள்வோம். ஆசிரியர்கள் நாட்குறிப்பின் 1748ஆம் ஆண்டுப் பக்கங்களை வகுப்பில் படிக்கட்டும். இளைஞர்கள் பழைய வரைபடங்களை இன்றைய வயல்களோடு ஒப்பிட்டு இடங்களைக் குறிக்கட்டும். சொல்தா குடும்பங்கள் பெட்டியில் இருப்பதைப் படமெடுத்து, பெயர் தெரிந்தவரை எழுதி வைக்கட்டும். பாகூரிலும் வில்லியனூரிலும் தமிழில் ஒவ்வொரு பலகை வைக்கக் கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு எழுதுவோம். அந்தப் பலகையில் தளபதிகளுக்கு முன்னால் சிப்பாய்களைப் பற்றிய வரி வரவேண்டும் என்பதையும் மனுவிலேயே சேர்ப்போம்.